அண்ணன் போனுக்குப் போன அறிக்கை

அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனதற்கு நீங்கள்தான் காரணம், ஐயா. அவளுடைய அண்ணன் இல்லை, அம்மாவும் இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, பெண்களின் பாதுகாப்புக்கு என்று ஒரு குறுஞ்செய்தியைக் கண்டுபிடித்த நீங்கள்தான்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் தனிநபர் தகவலை வெளியிட்டுவிட்டதாக என்மேல் நடவடிக்கை எடுப்பீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக் கொள்கை என்று பக்கம் பக்கமாக எழுதி எங்கள் சுவரில் ஒட்ட வைத்ததும் நீங்கள்தானே. அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எழுதிய நீங்கள் படித்தீர்களா என்பது எனக்குச் சந்தேகம்.

படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் படிப்பகத்தின் நூலகர் நான். சுற்றியுள்ள சில கம்பெனிகள் பணம் போட்டு ஓர் அறக்கட்டளை நடத்துகின்றன. படிப்பகம் அவர்களுடையது. ஐயா அந்த அறக்கட்டளையின் டிஜிட்டல் பிரிவுக்குத் தலைவர். நான் தினமும் குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். ஐயா எப்போதாவது காரில் வருவார். வரும்போதெல்லாம் பிரியாணி வாசனையைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போவார்.

யார் யார் வருகிறார்கள் என்பதற்கு ஐயாவிடம் கலர் கலராக வட்டப் படம் இருக்கிறது. படம் இல்லாமல் நான் சொல்கிறேன். காலையில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வருவார்கள். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அதன் மேலேயே தூங்குவார்கள். நான் எழுப்ப மாட்டேன். மத்தியானத்துக்கு முன்னால் ஹாஸ்டல் பெண்கள் வருவார்கள். செல்போன் கம்பெனியிலும் ஒயர் கட்டும் கம்பெனியிலும் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய ஹாஸ்டல் அறையில் ஒரு ஷிஃப்ட் போனால் இன்னொரு ஷிஃப்ட் வந்து அதே கட்டிலில் படுக்கும். யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டே இருப்பாள் என்பதால் லைட் போட முடியாது. ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தால் ஆண்கள் பார்ப்பார்கள். கோயிலில் எத்தனை நேரம் உட்கார முடியும். அதனால் எங்கள் மாடிக்கு வந்தார்கள்.

நானும் இவர்களைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பூசை முடிந்த பிறகு மாதா கோயிலிலேயே உட்கார்ந்து படித்து நூலகப் பட்டம் வாங்கினேன். உட்கார ஓர் இடம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் ஐயா வந்து எங்களை டிஜிட்டல் ஆக்கினார்.

திறப்பு விழாவை மறக்க முடியாது. டேப்லட்டில் விரல் வைத்தால் பெரிய திரையில் ரிப்பன் தானாக அறுபட வேண்டும் என்று ஏற்பாடு. ஐயா விரல் வைத்தார். அறுபடவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. விருந்தினர்கள் கைதட்டுவதற்குத் தயாராகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் எங்கள் வாட்ச்மேன் கீழே இறங்கிப் போய், பிரியாணிக் கடையில் பார்சல் கவர் வெட்டும் கத்தரிக்கோலை வாங்கி வந்தார். பழைய பேப்பர் கட்டும் சணலைக் கதவில் கட்டினோம். ஐயா அதை வெட்டினார். மறுநாள் அறக்கட்டளை அனுப்பிய படத்தில் சணல் இல்லை, சிவப்பு ரிப்பன் இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்து சேர்த்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று ஐயா பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தகவல் எல்லோருக்கும் சொந்தம் என்றார். சிறிது நேரம் கழித்து, இந்தக் கம்ப்யூட்டர்களைத் தொட வேண்டுமானால் உள்ளறையின் கண்ணாடிக் கதவு வாசலில் இருக்கும் எந்திரத்தில் ஆதார் எண்ணைப் போட வேண்டும், ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும் என்றார். எல்லோருக்கும் சொந்தமான ஒன்றுக்கு எதற்கு இத்தனை பூட்டு என்று நான் கேட்டேன்.

"மேடம், யாரு எதைப் பாக்கிறாங்கன்னு தெரியணுமில்ல. டேட்டா இருந்தாதான் சேவையை மேம்படுத்த முடியும்" என்றார்.

"சேவையை மேம்படுத்தணும்னா மாடிப்படி லைட்டை மாத்துங்க சார். பொண்ணுங்க தடவித் தடவி ஏறுறாங்க" என்றேன்.

ஐயா சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் குறித்துக்கொண்டார். மாடிப்படி லைட் இன்றைக்கும் எரியவில்லை.

எந்திரம் வந்த வாரமே கூத்து ஆரம்பித்தது. ஐயாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த நாட்டில் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். கேஸ் சிலிண்டர் பதிவுக்கும் ரேஷன் கார்டுக்கும் அம்மாவின் பேங்க் கணக்குக்கும் தங்கச்சியின் ஆதாருக்கும் அதே நம்பர்தான் கொடுத்திருப்பார்கள். அந்த நம்பர் வீட்டில் இருக்கும் ஓர் ஆணின் சட்டைப்பையில் இருக்கும். அந்தப் பெண் வேலைக்கு வந்து, சம்பளத்தில் போன் வாங்கி, புது நம்பர் வைத்திருப்பாள். ஆதாரில் பழையதுதான் இருக்கும். மாற்றலாமே என்பீர்கள். மாற்றினால், எதற்கு மாற்றினாய் என்று வீட்டில் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப் பேர் மாற்றுவதில்லை.

எங்கள் வாட்ச்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். முன்பு ஒரு மணல் லாரி முதலாளியிடம் வேலை பார்த்தபோது, அவர்தான் இவருடைய ஆதாரைப் போட்டுக் கொடுத்தார். தன் நம்பரையே போட்டுவிட்டார். இவர் எந்திரத்தில் நம்பரைத் தட்டினால் முதலாளிக்கு ஓடிபி போகும்.

"இன்னா மேடம் இது" என்றார் வாட்ச்மேன். "தெனமும் கதவத் தொறந்து பெருக்கறவன் நானு. என்னையே உள்ள வுட மாட்டேங்குது. அந்த ஆளு போன் பண்ணி, இன்னாடா லைப்ரரில உனுக்கு வேலை, எங்கியாவது கேஸ் கீஸ் போடறியான்னு கேக்கறான்."

அதனால் வாட்ச்மேனுக்கு என்னுடைய பணியாளர் கணக்கில்தான் கம்ப்யூட்டர் திறந்து கொடுப்பேன். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். காலையில் பெருக்கி முடித்துவிட்டு, சுவர் ஓரத்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருமணத் தளங்களைப் பார்ப்பார். நான் டைப் அடிக்க, அவர் ஒவ்வொரு பையனாகக் கழிப்பார். "இவன் தலையப் பாரு மேடம், இப்பவே பாதி முடிதான் கீது" என்பார். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவள். ஐடிஐயில் சர்வேயர் படிப்பு முடித்தவள். நிலம் அளக்கப் படித்த பெண், இங்கே செல்போனுக்குள் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். இங்கே நிலத்தையெல்லாம் எப்போதோ அளந்து கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதனால் அளக்க ஆள் தேவையில்லை என்று அவளே சிரிப்பாள். அரசாங்க நில அளவர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். போன தடவை எழுதி, கொஞ்சத்தில் போய்விட்டது. போனதற்குக் காரணம் பாடம் இல்லை. தேர்வு கம்ப்யூட்டரில் நடந்தது. அவளுக்கு மவுஸ் பிடித்துப் பழக்கம் இல்லை. பதில் தெரிந்த கேள்விகளிலேயே நேரம் ஓடிவிட்டது.

"செல்போன்ல எல்லாத்தையும் விரலாலேயே தள்ளிட்டேன் மேடம். அங்க இந்த எலி கையில நிக்கவே இல்ல" என்றாள்.

வீட்டில், ஒரு தடவை எழுதியது போதும், கல்யாணத்துக்குப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டாவது தடவை விண்ணப்பம் போட்டதை அவள் சொல்லவில்லை. மத்தியானம் தொடங்கும் பி ஷிஃப்ட் வரும் வாரங்களில் காலையில் எங்கள் மாடிக்கு வருவாள். பழைய கேள்வித்தாள்களை வைத்து மாதிரித் தேர்வு நடத்தும் ஒரு தளம் இருக்கிறது. காசு கேட்காது, அதற்குப் பதிலாகப் பக்கம் முழுக்க விளம்பரம் போடும். அதில் கடிகாரம் ஓட ஓடப் பழகுவாள். வாட்ச்மேன் எழுந்து போன அதே சுவர் ஓரத்து கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். அங்கேதான் மின்விசிறிக் காற்று வரும்.

எந்திரம் வந்த பிறகு அவளுக்கு ஓடிபி வேண்டும். ஓடிபி அண்ணனுக்குப் போகும். அண்ணன் ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வாசலில் நின்று போன் போடுவாள்.

"அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. கம்பெனி அட்டெண்டென்ஸுக்கு. சொல்லு."

அவன் வண்டியை ஓரம் கட்டிச் சொல்வான். சில நாள் எடுக்க மாட்டான். அன்றைக்கு அவள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உள்ளே காலியாக இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு புத்தகம் படிப்பாள். என் கணக்கில் திறந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். என் கணக்கில் வாசகர்கள் உட்காரக் கூடாது என்று ஐயா எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ அனுப்பியிருந்தார். அது அவளுக்குத் தெரியும். என் வேலைக்கு ஏதும் வந்துவிடக் கூடாது என்று நினைத்தாள்.

இதுவரைக்கும் வெறும் தொந்தரவுதான். சமாளித்தோம். இதற்குப் பிறகு ஐயாவுக்குப் பெண்கள்மேல் அக்கறை பிறந்தது.

ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர், ஹாஸ்டல் பெண்கள் இன்டர்நெட்டில் கெட்டுப்போகிறார்கள் என்று பேசினாராம். உடனே ஐயா தன் மென்பொருளில் ஒரு வசதியைச் சேர்த்தார். உறுப்பினர் பெண்ணாக இருந்தால், பதிவு செய்த நம்பருக்கு வாராவாரம் ஓர் அறிக்கை போகும். எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள், எந்த வகையான தளங்களைப் பார்த்தாள் என்று அதில் இருக்கும். ஆண்களுக்கு இந்த அறிக்கை கிடையாது. அவர்கள் கெட்டுப்போவதற்குச் சுதந்திரம் இருக்கிறது போல. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டிய கொள்கையிலும் அது இல்லை. அதைத்தான் நான் முழுக்கப் படித்திருக்கிறேனே.

அந்த அறிக்கை ஒரு நாள் சங்கரன்கோவில் பக்கம் ஒரு லோடு ஆட்டோ டிரைவரின் போனில் போய் விழுந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. கரன்ட் பில் கட்டும் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி படித்திருக்கிறார். உங்கள் உறுப்பினர் இந்த வாரம் படிப்பகத்தில் அதிக நேரம் செலவிட்ட தளங்களின் வகை: திருமணம் மற்றும் துணை தேடல்.

கடையில் அப்போது நின்றிருந்தவர்கள் அவனுடைய தெருக்காரர்கள்.

இரண்டாம் நாள் அவன் எங்கள் மாடியில் நின்றான். முந்தின இரவு பஸ் ஏறியிருக்கிறான். முகம் கழுவக்கூட இல்லை. தங்கச்சியை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டான். அவள் அவனுக்குப் பின்னால் யூனிஃபார்மோடு நின்றாள். நல்ல பையன்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், நீங்கதான் இங்க பொறுப்பா" என்றான். "எந்தங்கச்சி இங்க வந்து என்ன செய்யுதா?"

"படிக்கிறா. நில அளவர் பரீட்சைக்கு."

"பரீட்சையா? எங்கிட்ட கம்பெனி அட்டெண்டென்ஸுன்னுல்லா சொன்னா." திரும்பி அவளைப் பார்த்தான். "ஏட்டி, எத்தன பொய்?"

"பரீட்சைன்னு சொன்னா விட்டுருப்பியா?" என்றாள் அவள். தலை குனியவில்லை.

போனை எடுத்து என்னிடம் நீட்டினான். அப்போதுதான் அந்த அறிக்கையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் வேலை செய்யும் இடத்தின் பெயரில் போயிருக்கிறது, கீழே உங்கள் வீட்டுப் பெண்ணின் பாதுகாப்பே எங்கள் அக்கறை என்று ஒரு வாக்கியம், பக்கத்தில் பூப் படம்.

இது தப்பு, வா காட்டுகிறேன் என்று அவனைச் சுவர் ஓரத்து கம்ப்யூட்டருக்குக் கூட்டிப் போனேன். அவள் தினமும் பார்க்கும் மாதிரித் தேர்வுத் தளத்தைத் திறந்தேன். நிலத்தைச் சங்கிலியால் அளக்கும் சங்கிலி அளவை பற்றிக் கேள்வி. அதற்கு வலது பக்கம், உயரமாக, பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும் கட்டிக்கொண்டு ஒரு ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. உங்கள் துணை உங்களுக்காகக் காத்திருக்கிறார். கேள்விக்குக் கீழேயும் இன்னொரு ஜோடி.

"இது என்னது?" என்றான் அண்ணன்.

"விளம்பரம் தம்பி. எல்லாருக்கும் வரும். உன் போன்ல தொறந்து பாரு, உனக்கும் வரும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவன் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தான். அதே சங்கிலி அளவைக் கேள்வி வந்தது. பக்கத்தில் லோடு வண்டிக்கு டயர் விளம்பரம் வந்தது.

கொஞ்ச நேரம் அந்த டயரையும் இந்த ஜோடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"பாத்தியளா மேடம். வண்டி ஓட்டுதவனுக்கு டயரு வருது. இவளுக்கு மாப்பிள வருது. அப்போ அதுக்கு ஆளு தெரியுதுல்லா?"

அவன் சொன்னது பாதி உண்மை. அது ஆளைத் தெரிந்துகொண்டுதான் விளம்பரம் போடுகிறது. ஆனால் இந்த கம்ப்யூட்டரில் அது தெரிந்துகொண்ட ஆள் இவள் இல்லை. தினமும் காலையில் இங்கே உட்கார்ந்து பையன்களின் தலைமுடியைக் குறை சொன்ன எங்கள் வாட்ச்மேன். அவர் தேடியது கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்குப் பின்னால் யார் உட்கார்ந்தாலும் மாப்பிள்ளை விளம்பரம்தான் வரும். ஐயாவின் மென்பொருள் அந்த விளம்பரங்களை எண்ணி, அந்த நேரத்தில் உள்ளே இருந்தவள் பெயரில் எழுதிவிட்டது. கம்ப்யூட்டர் செய்ததைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் நேராக வந்து சொன்னார்.

"தம்பி, அது நாந்தான்பா. எம் பொண்ணுக்கு மாப்ளை பாத்துக்கினு கீறேன். இந்தப் பொண்ணு அதெல்லாம் பாக்கறதே இல்ல. எலிய புடிச்சா கீழ வைக்காம படிக்கும்."

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க எத்தன வயசுக்காரரு. இவளுக்காக நீங்க ஏன்யா பழிய ஏத்துக்கிடுதீய" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பிறகு என்னிடம் திரும்பினான். "மேடம், நீங்க மூணு பேரும் ஒரே எடத்துல இருக்கிய, ஒருத்தருக்கு ஒருத்தர் பேசுவிய. கம்ப்யூட்டருக்கு என்ன ஆசை, எந்தங்கச்சி மேல பொய் சொல்ல?"

ஐயா, இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இத்தனை வருடமாக, எதையும் அச்சில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய நூலகர் நான். திரையில் வந்ததை நம்பக் கூடாது என்று அந்தப் பையனை ஒத்துக்கொள்ள வைக்க என்னால் முடியவில்லை. அவன் தெருவே அதைக் கேட்டுவிட்டது. அவன் என்னை நம்பினாலும் ஊருக்குப் போய் அதை எந்தக் கடையில் படித்துக் காட்டுவான்?

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். படி இறங்கும்போது அந்தப் பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஹால் டிக்கெட் எடுக்கிற ஓடிபியும் அண்ணன் நம்பருக்குத்தான் மேடம் வரும்." இருட்டுப் படி என்பதால் தடவித் தடவி இறங்கினாள்.

கான்ட்ராக்டர் அவள் இடத்தில் அடுத்த நாளே வேறு ஒருத்தியைப் போட்டுவிட்டார். தேர்வு இன்னும் நடக்கவில்லை. அவளுக்கு வழி இன்னும் மூடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அவள் எழுதலாமா கூடாதா என்பது அந்த ஒரு போனில் இருக்கிறது. அந்தப் போனில் உங்கள் அறிக்கையும் இருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே புகார் கொடுக்கப் பார்த்தேன். உங்களுக்கு நேரே எழுத வழி இல்லை. உதவிப் பெட்டி என்று ஒன்று திரையின் மூலையில் கண் சிமிட்டும். அதில் எழுத வேண்டும். தவறான அறிக்கை அனுப்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடிவிட்டீர்கள் என்று எழுதினேன். வணக்கம், உங்கள் கேள்வி விளையாட்டுப் பிரிவு தொடர்பானதா என்று கேட்டது. இல்லை, மனிதர் யாராவது பேசுங்கள் என்று எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று வந்தது. இந்தச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது.

பிறகு உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டு, ஒரு நாள் நீங்களே எடுத்தீர்கள். நான் முழுவதும் சொன்னேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "வாட்ச்மேன் ஏன் மேடம் சிஸ்டம் யூஸ் பண்றாரு?"

"அதுவா சார் இப்ப விஷயம்?"

"பாலிசிப்படி அது மீறல். சிஸ்டம் பெரும்பாலும் சரியாத்தான் வேலை செய்யுது. ஒண்ணு ரெண்டு இப்படி ஆகும். அதுக்காக ஃபீச்சரை எடுக்க முடியாது. நிறைய பேரண்ட்ஸ் ஹேப்பியா இருக்காங்க."

"அந்த ஒண்ணு ரெண்டுக்கு ஒரு அண்ணன் இருக்கான் சார். அவனுக்குத் தப்புன்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க. அது போதும்."

"அப்படி ஒரு டெம்ப்ளேட் நம்மகிட்ட இல்ல மேடம்" என்றீர்கள்.

பொய்யை அனுப்ப டெம்ப்ளேட் இருக்கிறது. அது பொய் என்று சொல்ல இல்லை.

நான் படித்த நூலகப் படிப்பில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. எண் வரிசைப்படி அடுக்குவதைக்கூட இப்போது கம்ப்யூட்டர் சொல்கிறது. மறக்காதது ஒன்று உண்டு. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது இன்னொருவருக்குச் சொல்வதற்கில்லை. முன்பு ஒரு கம்பெனி சூப்பர்வைசர் வந்து, தொழிலாளர் சட்டப் புத்தகத்தை எங்கள் லைனில் யார் எடுத்துப் போனது என்று இனிப்பு டப்பாவோடு கேட்டார். புத்தகம் வெளியே போயிருக்கிறது, வந்ததும் நீங்களும் எடுத்துப் படிக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். இனிப்பை வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டார், அது வேறு. அந்த ஆளாவது மாடி ஏறி, முகம் காட்டி, வெட்கப்பட்டுக் கேட்டார். நீங்கள் யாரும் கேட்காமலே அனுப்புகிறீர்கள். அந்தச் சூப்பர்வைசர் கேட்டுக் கிடைக்காததை, எந்த அண்ணனும் அப்பாவும் கேட்காமலே வாராவாரம் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறீர்கள். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்து, பூப் படமும் போடுகிறீர்கள்.

அவள் போன பிறகு ஹாஸ்டல் பெண்கள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போவதில்லை. விஷயம் பஸ்ஸுக்கு பஸ் பரவிவிட்டது. உங்கள் வட்டப் படத்தில் பெண்கள் பங்கு சுருங்கிவிட்டதாம். விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துங்கள் என்று எனக்கு மெயில் வந்திருக்கிறது. நடத்துகிறேன். நீங்கள்தான் பேச்சாளர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு வார விடுமுறை. மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன். காரைக் கீழே நிறுத்திவிட்டு அந்த இருட்டுப் படியில் ஏறி வாருங்கள். மாலை கிடையாது, பெரிய திரை கிடையாது, விரல் வைக்க டேப்லட் கிடையாது. அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கரன்ட் பில் கடைக்காரர் படித்த மாதிரி எல்லோருக்கும் கேட்கப் படியுங்கள். பிறகு அவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். இதை அனுப்பச் சொல்லி அந்தப் பெண்களில் யார் உங்களைக் கேட்டது? ஆண்களின் வீட்டுக்கு ஏன் அனுப்பவில்லை? அது தப்பு என்று தெரிந்த பிறகும் ஏன் திருத்தவில்லை?

சொல்லி முடித்ததும், அவர்கள் முன்னாலேயே, அதே நம்பருக்கு, இந்தத் தடவை தமிழில், நாங்கள் அனுப்பியது பொய், உங்கள் தங்கச்சி தேர்வுக்குத்தான் படித்தாள் என்று உங்கள் பெயர் போட்டு அனுப்புங்கள். எனக்கு மெயில் வேண்டாம், உதவிப் பெட்டியும் வேண்டாம். ஹால் டிக்கெட் வருவதற்குள் வந்து பதில் சொல்லுங்கள்.